வாசல்காரர் எழுதப் படித்தது

“என் வீட்டுப் பேரை அடிச்சிடு. அதுக்குத்தான் வந்தேன்” என்றார் பெனாயா.

மில்காள் நிமிரவில்லை. விளக்குக் கரியைப் பிசினோடு சேர்த்துக் குழைத்துக்கொண்டிருந்தாள். மை செய்கிற நேரத்தில் கவனம் போனால் கட்டி தட்டிவிடும்.

அந்த இடத்துக்குக் கேபார் என்று பேர். ஆறு என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் பாபிலோன்காரன் வெட்டின வாய்க்கால்தான். எருசலேம் எரிந்தபோது பிடித்து வந்தவர்களை அதன் கரையில் குடிவைத்திருந்தான். தூர் வாரவும் செங்கல் அறுக்கவும் அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது.

பிடிபட்டவர்களிடம் மிஞ்சியது ஒரு தோல் சுருள். எந்த வீட்டில் யார் யாரைப் பெற்றான் என்று ஆதியிலிருந்து எழுதி வைத்த வம்சச் சுருள். மில்காளின் அப்பா அதை வயிற்றில் சுற்றிக் கட்டி, மேலே கந்தலைப் போர்த்திக்கொண்டு, வழியெல்லாம் நடந்து கொண்டுவந்து சேர்த்தார். வந்து சேர்ந்த இரண்டாம் வருஷம் கண்ணை மூடிவிட்டார்.

ஆண்பிள்ளை இல்லாததால் பேனா மகள் கைக்கு வந்தது. பொம்பளை எழுதினால் வம்சம் விளங்குமா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அந்த நாலு பேருக்கும் எழுத வராது என்பதால் முணுமுணுப்பு அதோடு நின்றது. இப்போது ஊரே அவளை எழுத்தம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

வருஷத்தில் ஒரு நாள், நகரம் எரிந்த நாளில், எல்லோரும் உபவாசம் இருப்பார்கள். அன்று சுருளைப் பிரித்து வீடு வீடாகப் பேர் வாசிப்பாள் மில்காள். வாசித்ததும் அந்த வீட்டுப் பெரியவர் எழுந்து “இருக்கிறோம்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. பதில் வராத வீடுகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வந்தன.

பெனாயாவுக்கு வயது அறுபது. ஆலயத்தின் வடக்கு வாசலில் காவல் நின்றவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே வாசலில்தான் நின்றார்கள். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பது ஒன்றுதான் அந்த வம்சத்துக்குத் தெரிந்த வேலை. வாசல் எரிந்து இருபத்தோரு வருஷம் ஆகியும் மனிதர் அந்த வேலையை விடவில்லை.

மையை மூடி வைத்தபின் மில்காள் ஏன் என்று கேட்டாள்.

“எனக்கப்புறம் ஆள் இல்லை. மூணு பையன்களும் போயாச்சு. என்னோட முடியட்டும். சுத்தமா முடியட்டும்.”

சுத்தமாக என்பதை அழுத்திச் சொன்னார். யாரை நினைத்துச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

*

பெனாயாவுக்கு ஒரு மகளும் இருந்தாள். பேர் திர்சாள். மில்காளோடு ஒத்த வயது.

பிடித்துக்கொண்டு வந்த வழியில், ரிப்லா என்ற ஊரில், எல்லோரையும் மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார்கள். அங்கே ஒரு படைவீரன் திர்சாளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தன் கூடாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அலுத்தபோது திருப்பிக் கொண்டுவந்து விட்டான். வயிற்றுச் சுமையோடு அவள் மறுபடி நடந்தாள். ஐபிராத்து நதிக்கரையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

குழந்தையைப் பெனாயா தொடவில்லை. வழியில் தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு விதவை தூக்கிக்கொண்டாள்.

அப்படிப் பிறந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஊர் வைத்த பேர் ஒன்றுதான்: வழிப்பிள்ளை. சுருளில் அவர்களுக்கு இடம் கிடையாது. உபவாச நாளில் கூட்டத்துக்கு வெளியே நின்று மற்றவர்கள் பேர்களைக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

திர்சாளின் பெண் வாய்க்காலுக்கு அக்கரையில் செங்கல் அறுத்துப் பிழைத்தாள். வேறொரு வழிப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். பெனாயா அவள் வருகிற பாலத்தில் கால் வைப்பதில்லை. அரை நாழிகை சுற்றிக்கொண்டு போவாரே தவிர எதிரில் போக மாட்டார்.

இப்போது பெரியவர்கள் சிலர் ஒரு பேச்சை எடுத்திருந்தார்கள். பெனாயா காலத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணை அவர் வீட்டில் எழுதிவிடலாம், மகள் வழியில் எழுதின வழக்கம் பழைய சுருளிலேயே உண்டு என்று. அது காதில் விழுந்த அன்றுதான் பெனாயா மில்காளிடம் வந்து நின்றார்.

*

ஒரு கோடு இழுக்க இவ்வளவு யோசனையா என்று கேட்டார்.

மில்காள் சுருளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் கத்தியை வைத்தாள். தோலில் எழுதினதைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

“உங்க வீடு எது? காட்டுங்க.”

பெனாயாவுக்கு எழுத்துத் தெரியாது. வாசல் காக்கிறவனுக்கு எழுத்து எதற்கு? தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கண்ணை மேலும் கீழும் ஓட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“அது குயவர் வீடு. ஏழு பிள்ளைங்க இருக்கு.”

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

“அவங்கவங்க வீட்டை அவங்கவங்கதான் சுரண்டணும். நான் தொட மாட்டேன். எழுதப் படிச்சுக்கிட்டு வாங்க.”

“இந்த வயசுலயா?”

“சுரண்ட வயசு இருக்குல்ல” என்றாள்.

*

கோபம்தான் அவரைப் படிக்க அனுப்பியது. அடுத்த நாள் காலையில் வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஐந்தில் வளையாதது அறுபதில் வளையப் போகிறதாம் என்று ஊர் சிரித்தது.

உடைந்த பானை ஓட்டில் கரித்துண்டால் எழுதச் சொன்னாள். தாழ்ப்பாள் தூக்கிப் பழகின கை அது. முதல் மாதம் பத்து ஓட்டை அழுத்தியே உடைத்தார். குளிர்காலம் வருவதற்குள் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அடுத்த நாளே கத்தியைக் கேட்டார்.

மில்காள் கத்தியைத் தரவில்லை. பழைய சுருளைக் காட்டினாள். அவளுடைய அப்பாவின் வயிற்று வியர்வை பட்ட இடமெல்லாம் அரித்துப்போயிருந்தது. வருகிற உபவாசத்துக்குள் எல்லாவற்றையும் புதுத் தோலில் எழுதிவிட்டுப் பழையதைப் புதைத்துவிட வேண்டும். தனக்கு ஒரு கை போதவில்லை என்றாள்.

“என் வீடு?”

“கடைசியில வரும். சுரண்டக்கூட வேண்டாம். புதுசுல எழுதாம விட்டீங்கன்னா போதும்.”

அது அவருக்குச் சரியாகப் பட்டது. பேனாவை வாங்கிக்கொண்டார்.

எழுதினார், எழுதினார். ஆதாமிலிருந்து ஆரம்பித்துப் பேர் பேராக வந்தது. ஒரு மாதம் கழித்துப் பொறுமை போய்விட்டது.

“இவன் அவனைப் பெற்றான், அவன் இவனைப் பெற்றான். செத்தவன் பேரா வரிசையா இருக்கு. இதுல கர்த்தர் எங்க இருக்கார்?”

“அடுத்த வரியை எழுதுங்க” என்றாள்.

*

ஒரு நாள் சேசான் என்பவனுடைய வரி வந்தது. சேசானுக்கு மகன்கள் இல்லை, மகள்கள்தான். அவனிடம் எகிப்திலிருந்து வந்த ஒரு வேலைக்காரன் இருந்தான். சேசான் தன் மகளை அந்த வேலைக்காரனுக்குக் கொடுத்தான். அதற்குக் கீழே, தகப்பனும் மகனுமாகப் பதின்மூன்று பேர் எழுதியிருந்தது.

பெனாயா பேனாவைக் கீழே போட்டார்.

“வேணும்னேதான இதை என்கிட்ட குடுத்தே?”

“வரிசைல அடுத்தது அதுதான்.”

“சேசான் பார்த்துக் கொடுத்தான். மனசார கொடுத்தான். என்கிட்ட யாரும் கேக்கலை, எழுத்தம்மா. எடுத்துக்கிட்டுப் போனான்.”

மில்காள் கீழே கிடந்த பேனாவை எடுத்தாள். பாதியில் நின்ற வரியைத் தானே எழுதி முடித்தாள்.

பத்து நாள் அவர் வரவில்லை. பதினோராம் நாள் வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி பேனாவை எடுத்தார். பாதியில் விட்டால் தன் வீட்டுக்கு முறை வராதே.

*

குளிர் விட்ட சமயத்தில் ராஜவம்சம் வந்தது. பெனாயா அன்று குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தாவீதிலிருந்து வரிசையாக ராஜாக்கள். கடைசியில் எகொனியா. பதினெட்டு வயதில் பட்டம் ஏறி, மூன்று மாதம் ஆண்டு, பிடிபட்டு, பாபிலோன் சிறைக்குப் போனவன். இன்னும் உள்ளேதான் கிடக்கிறான். பழைய சுருளில் அவன் பேருக்கு முன்னால் ‘கட்டுண்ட’ என்று ஒரு சொல் இருந்தது. கட்டுண்ட எகொனியாவின் குமாரர் என்று போட்டு, கீழே ஏழு பேர்.

பெனாயா மரியாதை தெரிந்தவர். ராஜாவைப் போய்க் கட்டுண்டவன் என்று எழுதக் கை கூசியது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மற்றதை எழுதினார்.

மில்காள் படித்துப் பார்த்தாள். மூன்று நாள் எழுதின தோலை மடித்து விறகோடு வைத்தாள். புதுத் தோல் ஒன்றை விரித்தாள்.

“ஒரு சொல்லுக்கா?”

“ஒரு சொல்லுக்குத்தான்.”

தோல் கிடைப்பது அங்கே குதிரைக்கொம்பு. பெனாயாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“அன்னைக்கு வாசல்ல நின்னவன் நான். இந்த ராஜாவைப் பிள்ளையில்லாதவன்னு எழுதுங்கன்னு தீர்க்கதரிசி சொன்னதை என் காதால கேட்டேன். அதை எழுதினாங்களா இல்லையா?”

“எழுதினாங்க. எங்கப்பாதான் எழுதினார்.”

“அப்ப இந்த ஏழு பேரு?”

“அதையும் எங்கப்பாதான் எழுதினார்.”

“ஏன் எழுதினார்?”

“பிறந்தாங்க” என்றாள் மில்காள்.

பெனாயா அந்த ஏழு பேரையும் திரும்பப் படித்தார். அவருக்குப் படிக்க நேரம் ஆகும். அவள் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

“எங்க பிறந்தாங்க, வாசல்காரரே?”

“சிறையிலதான்.”

“அந்தச் சொல்லைத்தான் விட்டுட்டீங்க.”

அவர் புதுத் தோலில் மறுபடி எழுதினார். ‘கட்டுண்ட’ என்று எழுதும்போது கை நின்றது. மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு வெள்ளையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் அந்தக் கயித்துலதான இருந்தே?” என்று கேட்டார்.

“இருந்தேன்.”

“அவனோட போகும்போது அப்பான்னு கூப்பிட்டா. கேட்டுதா உனக்கு?”

“கேட்டுது.”

“நான் திரும்பலை.”

“கழுத்துலயும் கயிறு இருந்துது.”

“தலை திரும்பற அளவுக்கு விட்டுத்தான் கட்டியிருந்தான்” என்றார் பெனாயா.

மில்காள் மைக்கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். 

இருபத்தோரு வருஷமும் திர்சாள் பெற்ற பெண்ணின் ரத்தத்தை வெறுப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தால் அந்தக் குரல் கேட்கும் என்கிற பயம்தான் அது. வாசல் காக்கிறவன் சொந்தப் பெண்ணைக் காக்கவில்லை. அந்த அவமானம் பாலத்துக்கு அக்கரையில் கைகால் முளைத்து, செங்கல் அறுத்துக்கொண்டிருந்தது.

தெரிந்துகொண்டு என்ன? மறுநாளும் சுற்று வழியில்தான் போனார்.

*

கோடையில் தூர் வாருகிற இடத்தில் கரை சரிந்தது. நாலு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஒருவன் திர்சாளுடைய பெண்ணின் புருஷன். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

மூன்று பேருக்குச் சுருளில் வீடு இருந்ததால் ஊர் கூடி அழுதது. நாலாவது ஆளுக்கு அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள். எட்டாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். போகாமல் யார் சோறு போடுவார்கள்?

வயிற்றில் இருப்பதை எந்த வீட்டில் எழுதுவது என்று பெரியவர்கள் மறுபடி பேச்செடுத்தார்கள். பெனாயா உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் முடியாது என்று பேச்சை விட்டார்கள். அவரிடம் வந்து கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

உபவாசத்துக்கு முந்தின நாள் மத்தியானம். புதுச் சுருளில் எல்லா வீடும் ஏறிவிட்டது. ஒரே ஒரு வீடு பாக்கி.

மில்காள் பழைய சுருளை அந்த இடத்தில் பிரித்து வைத்தாள். ஆணி அடித்துக் காயவைத்த கடைசித் தோலைப் பக்கத்தில் வைத்தாள்.

“உங்க வீடு. எழுதறதானா எழுதுங்க. இல்லைன்னா சும்மா மூடி வைச்சிடுங்க. சாயங்காலம் தைச்சிடுவேன்” என்று சொல்லி, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசியில் நரம்பு கோத்தாள்.

பெனாயா தன் வீட்டை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். அப்பா பேர் இருந்தது. தாத்தா பேர் இருந்தது. தன் பேர் இருந்தது. அதற்குக் கீழே மூன்று மகன்கள், மில்காளுடைய அப்பாவின் எழுத்தில். யோவாக், முற்றுகையில் பசியால் இறந்தான். ஏலோன், ரிப்லாவில் வெட்டப்பட்டான். சாப்பாத், கேபார் கரையில் காய்ச்சலில் இறந்தான்.

முடித்துவிடத்தான் வந்தார். சும்மா மூடி வைத்தால் போதும். ஆனால் மூடினால் யோவாக்கும் போவான். பசியில் மண்ணைத் தின்ற பையன் அவன். இனி அவனை யாரும் வாசிக்கக்கூட மாட்டார்கள்.

பேனாவை மையில் தோய்த்தார். யோவாக்கை எழுதினார். ஏலோனை எழுதினார். சாப்பாத்தை எழுதும்போது கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு எழுதினார்.

பழைய சுருளில் அதோடு முடிந்திருந்தது. அவர் கை முடிக்கவில்லை.

திர்சாள் என்று எழுதினார். அந்தப் பேரை வாயால் சொல்லி இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது. எழுதினபின் சத்தமாகப் படித்தும் பார்த்தார். மில்காள் ஊசியை வைத்துவிட்டாள்.

கொஞ்சம் யோசித்து, அந்தப் பேருக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில், இடுக்கி இடுக்கி, ஒரு சொல்லைச் சேர்த்தார். கட்டுண்ட திர்சாள்.

அடுத்த வரியை ஆரம்பித்தார். கட்டுண்ட திர்சாளின் குமாரத்தி.

அங்கே பேனா நின்றது. நின்றது நின்றதுதான். மை காய்ந்தது, தோய்த்தார். மறுபடி காய்ந்தது.

“அவ பேர் என்ன?” என்று கேட்டார்.

மில்காள் ஊசியை மறுபடி எடுத்தாள்.

“உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். திர்சாள்தான் வைச்சா. நான் பக்கத்துல இருந்தேன்.”

“சொல்லு, எழுதிடறேன்.”

மில்காள் எட்டி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். வாங்கி, துணியில் துடைத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெனாயா அவள் மடியில் இருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு தரையில் கையூன்றி எழுந்தார்.

*

பாலம் அவர் நினைத்ததைவிடச் சின்னது. முப்பது அடிகூட இருக்காது.

அவள் குனிந்து அச்சில் மண்ணை அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. வயிறு இடிக்காமல் இருக்க ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் போய் நின்றார். 

“நிழல் விழுது. தள்ளி நில்லுங்க, கல் காயணும்” என்றாள், நிமிராமல்.

அவர் தள்ளி நின்றார்.

“உன் பேர் என்னம்மா?”

அவள் கை அச்சின் மேல் அப்படியே நின்றது. ஊரில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“யாரு கேக்கிறது?”

வாசல்காரர் இன்னார் பேரன், இன்னார் மகன் பெனாயா. அறுபது வருஷம் சொல்லிப் பழகின பதில், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

“திர்சாளோட அப்பன்” என்றார்.